முண்டேல் சாய்வில் ஒரு தடம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஓட்டும் பேருந்திலிருந்து வந்தது. சுவிட்சர்லாந்தில், தர்வெல்லா பள்ளத்தாக்கில், இருபத்திரண்டு வருடமாக மஞ்சள் அஞ்சல் பேருந்து ஓட்டுகிறேன். கதை எழுதுவது இடைப்பட்ட வேலை. மதியச் சுற்றில், கடைசி நிறுத்தத்தில் வண்டி திரும்பிய பிறகு பதினொரு நிமிடம் கிடைக்கும்.

முதல் வரைவு: “பனி பொழிந்துகொண்டிருந்தது.” (அடித்துவிட்டேன். இங்கே ஜனவரியில் பனி பொழிந்தது என்று எழுதுவது, சென்னையில் மே மாதம் வெயிலடித்தது என்று எழுதுவதைப் போல.)

இரண்டாவது வரைவு: “மெங்கியா தனிமையில் வாடியதால்…” (இதுவும் தப்பு. அப்போது அவள் தனியாகத்தான் இருந்தாள், வாடவில்லை. வாட்டம் பிறகு வந்தது. எப்படி வந்தது என்பதுதான் கதை.)

2

மெங்கியாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கடைசி நிறுத்தத்துக்கு எதிர்வீடு. காலை ஏழு மணிக்குக் கோலை ஊன்றிப் புதுப்பனியை அளந்து, பனிச்சரிவு எச்சரிக்கை எழுதுகிறவர்களுக்கு அனுப்புவாள். வாரம் ஒருமுறை காலில் ஸ்கீ என்னும் சறுக்குப் பலகையை மாட்டிக்கொண்டு மேலே போய், பனி அடுக்குகளைச் சோதிக்கக் குழி தோண்டுவாள். குழிச் சுவரில் விரலை ஓட்டியே எந்த அடுக்கு எந்த வாரம் விழுந்தது என்று சொல்லிவிடுவாள்.

ஏழு பத்துக்கு என் வண்டி வரும். கதவைத் திறந்து, “இன்னைக்கு எவ்வளவு?” என்று கேட்பேன்.

“முப்பத்திரண்டு சென்டி. டயருக்குச் செயின் போட்டியா, இல்ல மாதா பாத்துப்பான்னு விட்டுட்டியா?”

“போட்டாச்சு.”

“ஒழுங்காப் போட்டியா? போன வாரம் நீ கட்டினதப் பாத்தேன். எங்க வீட்டு ஆடு இதைவிட நல்லாக் கட்டும்.”

(அவள் வீட்டில் ஆடு கிடையாது.)

3

அந்த வருடம் நவம்பரில் கொஞ்சம் பனி விழுந்தது. அதன் பிறகு ஆறு வாரம் வானம் வெளுத்தே கிடந்தது. குளிரில் அந்தப் பழைய பனி இறுகாமல் ரவையாக உதிர்ந்துபோனது. அதன்மேல் ஜனவரியில் காற்று ஒரு கெட்டிப் பனிப் பலகையைக் கொண்டுவந்து வைத்தது. எச்சரிக்கை எண் மூன்று.*

* ஐந்து வரை உண்டு. நான்கு என்றால் எல்லோரும் வீட்டில் இருந்துவிடுவார்கள். “மூணுதானே” என்று சொல்லிக்கொண்டு கிளம்புகிறவர்களைத்தான் நான் ஏற்றிக்கொண்டு போகிறேன்.

செவ்வாய்க்கிழமை மெங்கியா காட்டு வழியாக முண்டேல் சாய்வுக்கு ஏறினாள். மரங்கள் முடியும் இடத்தில் ஓரடி எடுத்து வைத்தாள். காலடியில் ‘வும்’ என்று ஒரு சத்தம். முன்னால் இருந்த வெளி முழுவதும் ஒரு விரற்கடை கீழே உட்கார்ந்தது. அவள் மூச்சைப் பிடித்தபடி பின்வாங்கினாள்.

இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பாதியில் திரும்புகிறவர் தன் தடத்தின் முனையில் ஸ்கீயால் மிதித்துப் பெருக்கல்குறி போட்டுவிட்டு வர வேண்டும். இல்லையென்றால் பின்னால் வருகிறவன் தடத்தை நம்பி நேரே போய்விடுவான். அவள் குறி போட்டாள்.

(போட்டாளா? நாற்பது வருடப் பழக்கம். கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் நினைவு வராதது போல அவளுக்கும் வரவில்லை. அன்றிரவு காற்று அடித்ததால் மேலே பார்த்தும் தெரிந்துகொள்ள வழியில்லை.)

கீழே வந்து நேராக என் வண்டியிடம் வந்தாள்.

“முண்டேல் உறுமுது. உன்கிட்டதான எல்லாரும் வழி கேப்பாங்க? கேக்குறவங்ககிட்டச் சொல்லிடு.”

“சொல்லிடறேன்.”

“தலைய மட்டும் ஆட்டாத.”

4

புதன் காலை ஒரே ஒரு பயணி. பெயர் சில்வான். பாசெல் நகரத்துக்காரன், இருபத்தாறு வயது. தாடியில் பிஸ்கெட் தூள் ஒட்டியிருந்தது. இறங்கும்போது காட்டுக்குள் போகும் தடத்தைக் காட்டினான்.

“டிரைவர், அது யாரு போட்ட தடம்?”

ஓட்டுநர் அவனை எச்சரித்தார். “மெங்கியா போட்டது. ஆனா பாதியிலேயே திரும்பிட்டா. நீங்க அந்தப் பக்கம் போகாதீங்க.” அவன் சிரித்துவிட்டுக் கிளம்பினான்.

பதினொன்றரைக்கு முண்டேல் சரிந்து இறங்கியது. மூன்று மணிக்கு அவன் உடலைத் தோண்டி எடுத்தார்கள்.

5

ஓட்டுநர் என்னும் இந்தப் பாத்திரம்மீது எனக்குச் சந்தேகம் இருக்கிறது. நேற்றுவரை ‘நான்’ என்று பேசியவன் மேலே உள்ள பத்தியில் மட்டும் ஏன் ‘ஓட்டுநர்’ ஆகிப்போனான்?

மீட்புக் குழுத் தலைவர் கிளாவ் அன்று மாலை மெங்கியாவின் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். நானும் இருந்தேன்.

“தடத்து முனையில குறி இருந்துச்சா?” என்று அவள் கேட்டாள்.

“இல்ல, மெங்கியா. காத்து வழிச்சிருக்கும்.”

“இல்லன்னா நான் போடாம வந்திருப்பேன்.” என் பக்கம் திரும்பினாள். “நீ சொன்னியா அவன்கிட்ட?”

“சொன்னேன். அவன் கேக்கல.”

அவள் எழுந்து மேசையிலிருந்த கோப்பைகளை எடுத்தாள். “அப்ப வாயால சொன்னத விட என் தடத்த நம்பியிருக்கான்.”

அந்த வாரமே ஸ்கீயைப் பரணில் போட்டுவிட்டாள். அதன் பிறகு அவள் எங்கேயும் தடம் பதிக்கவில்லை. கோல் அளவு மட்டும் அனுப்புகிறாள். குழி தோண்ட வேறு ஊரிலிருந்து ஆள் வருகிறான்.

(கோடையில் சில்வானின் அப்பா வந்தார். பூச்செண்டை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்தார். “நீங்கதான சொல்லிப் பாத்தீங்க. ரொம்ப நன்றி” என்று என் கையைப் பிடித்தார். நான் தலையாட்டினேன்.)

6

நான்காம் பகுதியைத் திருத்தி எழுதுகிறேன்.

“டிரைவர், அது யாரு போட்ட தடம்?”

வண்டி இரண்டு நிமிடம் தாமதம். வழியில் ஏறுகிறவர்கள் கீழே பிடிக்க வேண்டிய ரயில் எனக்காகக் காத்திருக்காது. இந்த நாட்டில் இரண்டு நிமிடம் சின்ன விஷயமில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, கொஞ்சம் பெருமையாகவும், சொன்னேன்.

“மெங்கியா போட்டது. அவ போன இடத்துல கண்ண மூடிட்டுப் போலாம்.”

“நன்றி” என்று சொல்லி இறங்கினான். கதவை மூடினேன். இரண்டாவது வளைவில் அவள் சொன்னது ஞாபகம் வந்தது. நிறுத்தியிருக்கலாம். இறங்கி ஓடியிருந்தால் காட்டு விளிம்பில் பிடித்திருப்பேன். ‘குறி போட்டிருப்பா’ என்று எனக்குள் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

ரயிலைப் பிடித்துவிட்டேன்.

7

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன். ஒன்றில், உண்மையைக் கேட்ட மெங்கியா பரணிலிருந்து ஸ்கீயை இறக்குகிறாள். (ஆசையில் எழுதியது.) இன்னொன்றில் என் கன்னத்தில் அறைகிறாள். (இதுவும் ஆசைதான்.) மூன்றாவதில் ஓட்டுநர் ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பி

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.)

8

இதை ஏன் தமிழில் எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பள்ளத்தாக்கில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இதைப் படிக்கக்கூடிய நீங்கள் யாரும் என் வண்டியில் ஏறப்போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஐந்து வருடமாக ஏழு பத்துக்குக் கதவைத் திறக்கிறேன்.

“இன்னைக்கு எவ்வளவு?”

“பதினெட்டு.”

அவ்வளவுதான். செயினைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவள் கேட்பாள் என்று சில நாள் வேண்டுமென்றே கோணலாகக் கட்டிக்கொண்டு போகிறேன். அவள் பார்க்கிறாள், வீட்டுக்குள் போய்விடுகிறாள். அந்த வண்டியில் காலை நேரத்தில் வேறு ஆளும் இருப்பதில்லை.

நாளைக்கும் பனி என்கிறார்கள். எண் மூன்று. கதவைத் திறப்பேன், எவ்வளவு என்று கேட்பேன், அவள் அளவைச் சொல்வாள். அவள் திரும்பி நடந்து வீட்டு வாசலைத் தொட நாற்பது நொடி ஆகும். நான் அவனிடம் சொல்லவில்லை என்பதை அவள் மொழியில் சொல்ல ஐந்து நொடி போதும். சொல்லிப் பார்த்து வைத்திருக்கிறேன், உச்சரிப்பில் பிழை இல்லை.

மீதி முப்பத்தைந்து நொடியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். முதல் ஐந்து நொடியையும் உங்களிடமே தள்ளிவிடத்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். அது மட்டும் முடியாது போலிருக்கிறது.