கேக்காம மாட்டுன பேம்பர்ஸ்

கால் ஒடஞ்சது ஒரு பக்கம் இருக்கட்டும். அதுக்கப்புறம் எம் மக ஜெசிந்தினி பண்ணுன கூத்து இருக்கே, அதச் சொல்லணும்.

கொழுந்து எடுக்கிற மலையில வழுக்கி விழுந்து, பதுளையில ஆஸ்பத்திரில கெடந்தேன். முழங்கால் வரைக்கும் கட்டு. நான் கண்ணு முழிக்கிறதுக்குள்ள, பெரியாளுங்களுக்குப் போடுற பேம்பர்ஸ் ஒரு பெரிய பாக்கெட்டு வாங்கியாந்து மாட்டியும் விட்டுட்டா.

"எந்திரிக்காதம்மா. இதுலயே போ, நான் கழுவி விடுறேன்."

பாசந்தான், இல்லங்கல. ஆனா என்னைய யாருன்னு நெனச்சா? மலையில ஏது கக்கூசு? காலையில பேர் பதிய பெரட்டுக்களத்துக்குப் போனா, சாயங்காலம் கொழுந்து நிறுத்துட்டு லயத்து வீட்டுக்கு வர்ற வரைக்கும் அடக்கிப் பழகுன ஒடம்பு இது. படுத்துக்கிட்டே போன்னா போகுமா? நானும் முக்கிப் பாத்தேன். ம்ஹும்.

வயிறு கல்லா வீங்கிருச்சு. ஜெசிந்தினி அடிக்கொருதரம் பேம்பர்ஸத் தொட்டுப் பாத்து, "காஞ்சு கெடக்கும்மா, ஒனக்குக் கிட்னி போச்சு"ன்னு ஒப்பாரி வச்சா. வார்டே திரும்பிப் பாத்துச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு, கால் மட்டும் நல்லா இருந்திருந்தா ஓடியே போயிருப்பேன்.

வார்டு நர்சு ஜிப்னா மிஸ்ஸி வந்துச்சு. பண்டாரவளை முஸ்லிம் புள்ள, சிரிச்ச மொகம். வயித்த அமுக்குச்சு. எனக்கு உசுரே போச்சு.

"மூத்திரம் நெறஞ்சு நிக்கிது. போகாட்டி டியூப்தான் போடணும்."

டியூப்பா! மாதாவே! என் மானம் போகுதேன்னு கண்ணுல தண்ணி முட்டிருச்சு.

மிஸ்ஸி குனிஞ்சு, "வர்றது ஒங்களுக்குத் தெரியுதாம்மா? அடக்க ஏலுதா?"ன்னு கேட்டுச்சு.

"அடக்க ஏலுதாவா! அத மட்டுந்தான் மிஸ்ஸி ஒழுங்காப் பண்ணத் தெரியும்."

"அப்ப இத எதுக்குப் போட்டீங்க?"

"என்னைய யாரு கேட்டா?"

மிஸ்ஸி ஜெசிந்தினியப் பாத்துச்சு. அவ தலையக் குனிஞ்சுக்கிட்டா.

நடுவுல ஓட்ட போட்டு, அடியில சட்டி வச்ச கதிரை ஒன்னு வந்துச்சு. ரெண்டு பேரும் தாங்கி ஒக்கார வச்சு, திரையை இழுத்து விட்டாங்க. அப்புறம் என்ன, மழைக்காலத்துப் பீலித் தண்ணி கொட்டுற மாதிரிதான். பக்கத்துக் கட்டில் ரஹ்மத்தும்மா, "அல்ஹம்துலில்லாஹ்!"ன்னு சத்தமாச் சொல்ல, வார்டே சிரிச்சிருச்சு. எனக்கும் சிரிப்புத் தாங்கல.

அதுக்கப்புறம் நான் கூப்பிட்டா கதிரை வரும். ரஹ்மத்தும்மாவுக்கு இருமுனாலே கசியும், பாவம். அவங்களே கேட்டு அந்தப் பேம்பர்ஸ் பாக்கெட்ட வாங்கிக்கிட்டாங்க.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புன அன்னைக்கு வேன் வாசல்ல நிக்கிது. எங்க ஊரு அப்புத்தளை வரைக்கும் வளைவுதான், இந்தக் கால வச்சுக்கிட்டு வழியில எறங்க ஏலாது. ஜெசிந்தினி எதையோ முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டுக் கிட்ட வந்தா.

"அம்மா... ரஹ்மத்தும்மாகிட்ட ஒன்னு கேட்டு வாங்கியாந்தேன். வழிக்கு மட்டும் போட்டு விடவா? வேணாம்னா வேணாம்."

கேட்டா பாருங்க! எம் மக என்னையக் கேட்டா. எனக்கு நெஞ்சே நெறஞ்சு போச்சு.

"போட்டு விடுடி"ன்னேன்.

அப்புத்தளையில எறங்குற வரைக்கும் அது காஞ்சுதான் கெடந்துச்சு. அது வேற விசயம்.