இறால் பெட்டிச் சீட்டு

அந்த வாக்கியத்தை எழுதியவள் நான்தான். வேறு யார் தலையிலும் அதைக் கட்ட முடியாது. 'இந்தப் பிராணி தன் சொந்த இரத்தத்தாலேயே அழிந்துவருகிறது. நெருங்கிய உறவுக்குள்ளேயே கூடிக்கூடி அதன் இரத்தம் கெட்டுவிட்டது. எங்கள் வலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது போய்விடும்.' எங்கள் மீனவர் சங்கத்து மனுவில் அது மூன்றாவது பத்தி. சங்கத்துக்கு என் கணவர் நபோர் தலைவர், நான் செயலாளர். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும், அதனால் முப்பத்தைந்து வருடமாக என்னை வைத்தே எழுதி வாங்குகிறார்கள்.

பிராணி என்றது வக்கீத்தாவை. சின்னப் பசு என்று அர்த்தம். பெயர்தான் பசு, ஜாதி கடல்பன்றி, டால்பினுக்குச் சொந்தம். உலகத்துக் கடல்பன்றிகளிலேயே சிறியது, கண்ணைச் சுற்றி மை தீட்டிக்கொண்ட முகம். வளைகுடாவின் இந்த வடக்கு மூலையைத் தவிர வேறு எங்கும் கிடையாது. இப்போது மிஞ்சியிருப்பது பத்து உருப்படி. அந்தப் பத்துக்காக எங்கள் கடலில் வலையே போடக்கூடாது என்று சட்டம். எங்கள் வீட்டு முற்றத்தில் 'அற்புத மாதா' என்ற எங்கள் படகு டிரெய்லர்மேல் ஏழு வருடமாக உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் கோழி முட்டையிடுகிறது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாங்களும் அப்படித்தான், ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு கோணல் சொன்னோம். முதலில் எல்லைக்கு அந்தப் பக்கத்து வடக்கத்தியர்கள் கொலராடோ ஆற்றை அணை கட்டிக் குடித்துவிட்டார்கள், நல்ல தண்ணீர் வராமல் பசு சாகிறது என்றோம். பிறகு சுறா தின்கிறது என்றோம். கொஞ்ச நாள், அப்படி ஒரு பிராணியே கிடையாது, சம்பளத்துக்காக விஞ்ஞானிகள் கட்டிவிட்ட கதை என்றுகூடச் சொன்னோம். கடைசியில் கிடைத்தது இரத்தம். கடற்கரையில் மீன் டாக்கோ தின்றுகொண்டிருந்த ஒரு வெளியூர்க்காரர், இவ்வளவு குறைந்துவிட்டால் இரத்தம் கெட்டிருக்கலாம் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். 'இருக்கலாம்' என்பதை நான் எடுத்துவிட்டேன். ஒரு சொல்தானே.

அந்தப் பத்தியில்தான் எல்லாம் இருந்தது. தலைநகரத்திலிருந்து ஒரு அதிகாரி ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. பசி என்று எழுதாதீர்கள், பசி எல்லா ஊரிலும் இருக்கிறது, ஆனால் பிராணி எப்படியும் பிழைக்காது என்று ஊரே ஒரே குரலில் சொன்னால் கடலைத் திறக்கத் தான் பரிந்துரைக்க முடியும் என்று அவர் நபோரிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் மகள் நொயேலியா என்செனாதாவிலிருந்து வந்து இறங்கினாள். இருபத்தொன்பது வயது. ஆய்வுக்கூடத்தில் வேலை. செத்த உயிர்களின் மரபணுவைப் படிக்கிற வேலை. எந்தச் செத்த உயிர் என்று சொல்ல வேண்டியதில்லை. அவள் அப்பா ஊரில் யாரிடமும் மகள் என்ன வேலை செய்கிறாள் என்று வாய் திறந்ததில்லை. பல் டாக்டரிடம் இருக்கிறாள் என்று ஒருமுறை சொல்லிவைத்தார்.

மாவு ரொட்டியும் காய்ந்த திருக்கை வதக்கலும் வைத்தேன். மனு மேஜைமேல் கிடந்தது. அவள் தின்றுகொண்டே படித்தாள். மூன்றாவது பத்தியில் மெல்லுவது நின்றது.

"அப்பா, இது பொய்."

பள்ளிக்கூடத்தில் படிக்காதது எல்லாம் இவளுக்குப் பொய்தான் என்று நபோர் சிரித்தார். அவள் கோபப்படவில்லை. பொறுமையாகச் சொன்னாள். என் மகளுக்கு அந்தப் பொறுமை என்னிடமிருந்து வரவில்லை.

"அதோட சொந்தக்காரங்க எல்லாம் தெக்க, பெரு, சிலி பக்கம் இருக்காங்கப்பா. எத்தனையோ லட்சம் வருஷத்துக்கு முன்னாடி, பனிக்காலத்துல நடுக்கடல் குளுந்து கெடந்தப்ப ஒரு கூட்டம் வடக்க வந்துருச்சு. அப்புறம் கடல் சூடாயிருச்சு. திரும்பிப் போக வழியில்ல. இங்கயே தங்கிருச்சு."

"எங்க தாத்தா மாதிரி," என்றார் நபோர். "சொனோராவுலேர்ந்து வந்தாரு, லாரி ரிப்பேராச்சு, இங்கயே தங்கிட்டாரு."

"அதேதான். வந்ததே கொஞ்சம். ரெண்டரை லட்சம் வருஷமா சில ஆயிரத்துக்கு மேல அது இருந்ததே இல்ல. ரத்தத்துல இருந்த பெரிய கெடுதலெல்லாம் அப்பவே குட்டியா செத்துச் செத்துக் கழிஞ்சுபோச்சு. இருபது உடம்போட மரபணுவை எழுத்தெழுத்தா படிச்சுட்டோம்ப்பா. பத்து மிஞ்சுனாலும் பொழைச்சுக்கும். வலை இல்லாம இருந்தா."

"பத்து பேருக்குள்ளயே கல்யாணம்னா பங்குச்சாமி கோயில்ல கல்யாண ஓலை வாசிக்க மாட்டாரே."

"இந்த ஊரு அஞ்சு குடும்பத்துல இருந்து வந்தது. நாம கெட்டா போயிட்டோம்?"

"சென்ச்சோவோட பேரனைப் பாத்தா கெட்ட மாதிரிதான் தெரியுது," என்று சொல்லிவிட்டு நபோர் தொப்பியை எடுத்தார். சென்ச்சோ நொயேலியாவை ஞானஸ்நானத்தில் கையிலேந்திய ஞானத்தகப்பன், பேரன் ஆறு மாதத்தில் மூன்று மோட்டார் சைக்கிளை உடைத்தவன். மூன்று பேரும் சிரித்தோம். நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றோடு சரி.

அவர் போன பிறகு நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். நொயேலியா பக்கத்தில் வந்து ஈரக் கையருகே தன் தொலைபேசியை நீட்டினாள். அதில் ஒரு படம். மஞ்சளேறிய சிறு அட்டை, மூலையில் ஓட்டை, ஓட்டையில் நூல்.

'9 நவம்பர் 1992. படகு: அற்புத மாதா. வலை: இறால், இரண்டே முக்கால் அங்குலக் கண். பெண். 46 கிலோ.'

"ஆய்வுக்கூடத்து டிராயர்ல, ஒரு பசுவோட பல்லு இருந்த பைக்குள்ள இருந்துச்சு," என்றாள். "பதிவேட்டுல 'கரை ஒதுங்கியது'ன்னு போட்டிருக்கு. ஆனா அம்மா, இது உன் கையெழுத்து."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நான் மூடவில்லை.

அந்தக் காலத்தில் சங்கத்து ஐஸ் ரூம் என் பொறுப்பு. இறால் பெட்டி எது போனாலும் தேதி, படகு, வலை, எடை எழுதி நூலில் கட்டுவேன். சீட்டில்லாமல் ஒரு பெட்டியை வெளியே விட்டதில்லை. வலையில் பசு விழுந்தால் அதற்கு வேறு முறை. வயிற்றைக் கீறி, கல் கட்டி, அங்கேயே இறக்கிவிடுவார்கள். கீறாவிட்டால் ஊதி மிதந்து கரைக்கு வந்து காட்டிக்கொடுக்கும். அன்று அலை இறங்கிக்கொண்டிருந்தது, கரை சேரும் அவசரத்தில் நபோருக்கு அதற்கு நேரமில்லை. அதைப் படகின் அடியில் போட்டு, மேலே வலையை மூடிக் கொண்டுவந்துவிட்டார். ஐஸ் ரூமுக்குப் பின்னால் வைத்துக் கீறக் கத்தியை எடுத்தார். அதன் வயிறு புடைத்திருந்தது. எனக்கு அது எட்டாம் மாதம். நொயேலியா உள்ளே உதைத்துக்கொண்டிருந்தாள். இதைக் கீறினால் உன்னோடு படுக்க மாட்டேன் என்றேன். வேறு நல்ல வார்த்தை வாயில் வரவில்லை.

அதை இறாலுக்கு அடியில் ஐஸில் வைத்தேன். ஐந்தாம் நாள் குவாய்மாஸிலிருந்து ஒரு ஆராய்ச்சிக்காரி வந்தாள். கரையில் கிடந்தது என்று எழுதினால் தருகிறேன் என்றேன், அவளும் சரி என்று எழுதிக்கொண்டாள். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். ஆனால் கை தன் பழக்கத்தைச் செய்துவிட்டிருந்தது. பெட்டிக்குச் சீட்டுக் கட்டுவதுபோல வாலில் சீட்டைக் கட்டியிருந்தேன். அதை யாரும் தூக்கி எறியவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. நொயேலியாவுக்கு விவரம் தெரிந்ததும் அதை ஒரு கதையாகச் சொன்னேன். நீ வயிற்றில் இருந்தபோது கரையில் ஒரு பசு ஒதுங்கிக் கிடந்தது, அம்மா அதைக் காப்பாற்றி விஞ்ஞானத்துக்குக் கொடுத்தாள் என்று. பள்ளியில் அதைக் கட்டுரையாக எழுதிப் பரிசு வாங்கினாள். அந்தக் கதைதான் அவளை ஆய்வுக்கூடம் வரைக்கும் கொண்டுபோய் விட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததோடு, அந்தச் சோற்றையே மகளுக்கு ஊட்டியிருக்கிறேன்.

"அப்பாவைத் திட்ட வரலம்மா," என்றாள். "யார்கிட்டயும் காட்டவும் மாட்டேன். அந்த மூணாவது பத்தியை மட்டும் எடுத்துரு. கடல் இல்லாம வயித்துக்கு இல்லன்னு எழுது, அது நெசம். அதுவே சாகுதுன்னு மட்டும் எழுதாத. ஒனக்குத் தெரியும், அது எப்படிச் செத்துச்சுன்னு."

எடுக்கிறேன் என்றேன். என்மேல் சத்தியம் பண்ணு என்றாள். பண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சங்கக் கூடம் நிறைந்தது. நாற்பது படகுக்காரர்கள், பின்னால் பெண்கள். நொயேலியா கடைசி வரிசையில். அதிகாரி முன்னால், வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டு. மனுவை வாசிக்க நான் எழுந்தேன். முதல் பத்தி, இரண்டாம் பத்தி. மூன்றாவதைத் தாண்டி நான்காவதுக்குப் போனேன்.

"ஒன்னு விட்டுட்ட, கிழவி," என்றார் நபோர்.

விடவில்லை, எடுத்துவிட்டேன் என்றேன். கூடத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. மடமடவென்று சொல்லிவிட்டேன். தொண்ணூற்றிரண்டு நவம்பர் ஒன்பது, அற்புத மாதா, இறால் வலை, பெண், வயிற்றில் குட்டி, எங்கள் வலைதான், நானே ஐஸில் வைத்தேன், நானே பொய் எழுதச் சொன்னேன் என்று. அந்த இரத்தத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, என் மகள் படித்துவிட்டாள் என்று.

அப்படிச் சொன்னால் கூரை இடிந்து விழும் என்று இத்தனை வருடம் பயந்திருந்தேன். ஒன்றும் விழவில்லை. ஒரு இருமல் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சென்ச்சோ, என் மகளின் ஞானத்தகப்பன், உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்துப் பேசினார்.

"ஒக்காருங்க, தோன்யா லிப்ராதா. ஒன்னுதானே? என் வலையில மூணு."

"எங்க அப்பாவுக்கு அஞ்சு," என்றான் பின்னாலிருந்து ஒருவன். "ஒரு தடவை கறி வெச்சோம். நல்லாவே இல்ல."

ஆளாளுக்குச் சொன்னார்கள். யாரும் குரல் உயர்த்தவில்லை, யாரும் வெட்கப்படவில்லை. சீட்டில்லாத பெட்டிகள் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இருபது உடம்பை வைத்துக்கொண்டு என் மகள் இத்தனை வருடம் எழுத்தெழுத்தாகப் படித்தாள். அந்தக் கூடத்தில் கால் மணி நேரத்தில் அதைவிட மூன்று மடங்கு சொல்லி முடித்தார்கள். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. பயந்து மறைத்து முப்பது வருடம் புழுங்கியவள் நான் ஒருத்திதான், முட்டாள்.

அதிகாரி பேனாவை மூடிவைத்தார். இந்தப் பேச்சு எதையும் தான் கேட்கவில்லை என்று பணிவாகச் சொன்னார். எழுதியிருப்பதைத்தான் தான் எடுத்துப்போக முடியுமாம்.

நபோர் எழுந்தார். என்னைத் திட்டவில்லை, பார்க்கவும் இல்லை. மூன்றாவது பத்தியைத் தாளில்லாமலே சொன்னார். என் வாக்கியம் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. அவர் குரலில் அது இன்னும் நன்றாக இருந்தது. சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார்.

கைகள் எழுந்தன. சென்ச்சோவின் கை, கறி வைத்தவனின் கை, சுவரோரம் பெண்களின் கை. நபோர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை. எங்கள் முற்றம் இருந்தது, டிரெய்லர் இருந்தது, அதில் முட்டையிடும் கோழி இருந்தது. உறுப்பினர் ஒருவர் தூக்காவிட்டாலும் ஒருமனதாக என்று எழுத முடியாது. ஒருமனதாக இல்லாவிட்டால் அதிகாரியின் பரிந்துரை இல்லை. எனக்கு நபோரைப் பிடிக்கும். அது என் குறை.

என் கை மேலே போனது. நொயேலியா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பிறகு நான் உட்கார்ந்து கூட்டக் குறிப்பை எழுதினேன், செயலாளர் வேலை அது. தேதி, இடம், வந்த படகுகளின் பெயர், என்ன வலைக்கு அனுமதி கேட்கிறோம், அதன் கண் அளவு. ஒருமனதாக நிறைவேறியது. மூன்றாவது பத்தியைத் திருத்தமாக, அடித்தல் இல்லாமல் எழுதிச் சேர்த்தேன்.

வெளியே வெயிலில் நொயேலியா என்செனாதா பஸ்ஸுக்குப் பையோடு நின்றாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். ஏதாவது சொல்லு, திட்டு என்றும் கேட்டேன். அவள் கடல் பக்கம் திரும்பினாள். அலை வெகுதூரம் உள்வாங்கி வெறும் சேறாகக் கிடந்தது.

"தேதி, படகு, வலை எல்லாம் சரியா எழுதிட்டியாம்மா?"

எழுதிவிட்டேன் என்றேன்.

"சரி. பத்தும் போனதுக்கப்புறம், எப்படிப் போச்சுன்னு யாராவது டிராயரைத் தொறந்து தேடுவாங்க. உன் கையெழுத்து தெளிவா இருக்கும்."

பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள்.