ஊசி கோர்த்த கால அட்டவணை

ரயில் கால அட்டவணைக்குப் பிழை பார்ப்பது என் வேலை. நூற்றிருபது பக்கம், முழுக்க எண்கள். போன பதிப்பில் ஒரு வண்டி, கிளம்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

"அந்த வண்டியில எனக்கும் ஒரு டிக்கெட் போடுங்க சார்," என்றார் அச்சக மேலாளர். சிரிக்கவில்லை. இந்த முறையும் ஒரு தப்பு வந்தால் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

அதனால் வெள்ளிக்கிழமை காகிதக் கிடங்கில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஃபோன் இல்லை, ஜன்னல் இல்லை. மௌனம் எனக்குப் பிடிக்கும். நாள் முழுக்கத் தலை நிமிராமல் நாற்பது பக்கம் படித்தேன். ஒரு பிழைகூட இல்லை. அதுதான் உறுத்தியது. மறுநாள் காலை முதல் பக்கத்தைத் திரும்ப எடுத்தால், ஒரு ஸ்டேஷனில் வண்டி வரும் நேரம் இருபத்தைந்து மணி. பக்கத்தில் நானே டிக் போட்டிருக்கிறேன்.

அன்று கிடங்கில் காகித லோடு இறக்கினார்கள். தாள்களை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மனைவி தையல்காரி. சாப்பாட்டு மேஜையின் பாதியில் பள்ளிச் சட்டைகளைக் குவித்துப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

"பேசக் கூடாது," என்றேன்.

"நான் பேசல. சட்டை பேசினா நான் பொறுப்பில்ல."

மறுபடி முதலிலிருந்து தொடங்கி இரண்டு பக்கம் முடிவதற்குள் என் மூக்குக்கு நேரே ஊசி வந்தது. "கண்ணு சரியா தெரியலங்க. கோர்த்துக் குடுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினேன். நூல் நுனியை நாக்கில் நனைத்து, மூச்சை அடக்கி, மூன்றாவது தடவையில் நுழைத்தேன். தாளுக்குத் திரும்பினால், எட்டு ஐம்பதுக்குக் கிளம்பிய வண்டி அடுத்த ஸ்டேஷனில் எட்டு ஐந்துக்கே நிற்கிறது.

ஒவ்வொரு சட்டைக்கும் ஊசி வந்தது. ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கும்போது, எண்கள் அப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி நின்றன. சாயங்காலத்துக்குள் பதினொரு தப்பு.

பிறகு ஊசி வரவில்லை. சும்மா அவளையே பார்த்தேன்.

"என்ன?"

"ஊசி?"

"சட்டை தீர்ந்துபோச்சு."

"இன்னும் பாதிப் புத்தகம் இருக்கே."

அவள் கடைசிச் சட்டையை மடித்து வைத்தாள். பிறகு ஊசியில் மிச்சமிருந்த நூலை உருவி எடுத்து, இரண்டையும் தனித்தனியாக நீட்டினாள். "காலையில யாரோ பேசக் கூடாதுன்னாங்க."

"உனக்குக் கண்ணாடி வாங்கணும்," என்றேன்.

"புத்தகம் முடியட்டும். அவசரப்பட்டு வாங்கிடாதீங்க."

புத்தகம் அச்சாகி வந்ததும் மேலாளர் இரண்டு நாள் புரட்டினார். ஒரு சுழிகூடப் போடாத சிவப்புப் பேனாவை மூடிவிட்டு என் சட்டைப் பையைப் பார்த்தார். அதில் வெள்ளை நூலோடு ஊசி குத்தியிருந்தது.

"பட்டன் போச்சா?"

"இல்ல சார். பிழை பார்க்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு தன் கோட்டைக் கழற்றி என் மேஜையில் வைத்தார். கை ஓரத்தில் ஒரு பட்டன் தொங்கிக்கொண்டிருந்தது.

"அடுத்த பதிப்பு ஆரம்பிக்கும்போது," என்றார், "இதுலேர்ந்து தொடங்குங்க."