மாப்பிள்ளைக்கு லக்டேஸ் இல்லை

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். நானும் அட்டாளைச்சேனையிலிருந்து ஒரு பையோடு மருதமுனைக்கு வந்து சேர்ந்தேன். வந்த நாள் தொட்டு, பிற்பகல் அசர் தொழுததும் மாமி முனவ்வறா ஒரு பெரிய கோப்பை பசும்பால் நீட்டுவார். புது மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லலாமா? குடித்துத் தொலைத்தேன்.

எனக்குப் பால் ஆகாது. பொழுது சாய்ந்து மஃரிபு தொழப் பள்ளிவாசலில் நிற்கும்போது வயிறு உறுமும், பிறகு காற்றுப் பிரியும். காற்றுப் பிரிந்தால் வுளு முறிந்துவிடும். மறுபடி கைகால் முகம் கழுவி வுளு எடுக்காமல் தொழ முடியாது. ஸப்பு வரிசைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் மூன்று தரமாவது ஓடுவேன். கூடவே வரும் மாமா மீராமுகைதீன் இதைப் பார்த்து, வுளுவில் இவ்வளவு பேணுதலான பிள்ளையைக் கண்டதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டார். மாமி உருகிப்போய் இன்னொரு கோப்பை கூட்டினார். வெள்ளிக்கிழமை சொந்தக்காரர் எல்லாம் வருவார்கள், வீட்டில் மஃரிபை நானே முன்னின்று தொழுவிக்க வேண்டும் என்றும் முடிவாயிற்று. தொழுவிப்பவன் நடுவில் குழாய்க்கு ஓட முடியுமா?

மனைவி ஆகிலாவிடம் சொன்னேன். அவள் விஞ்ஞான ஆசிரியை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு வகுப்பெடுத்தாள். பாலிலுள்ள லக்டோஸ் என்ற சீனியைச் சிறுகுடலில் லக்டேஸ் என்ற நொதியம் இரண்டாக வெட்டினால்தான் உடம்பு உறிஞ்சுமாம். வளர்ந்த பலருக்கு அந்த நொதியம் குறைந்துவிடுமாம். வெட்டுப்படாத சீனி பெருங்குடலுக்கு இறங்கினால் அங்குள்ள பற்றீரியாக்களுக்குக் கந்தூரி விருந்துதான். காற்று அவர்கள் வேலை. உம்மாவிடம் சொல்லவா என்றாள். வேண்டவே வேண்டாம் என்றேன். மானம் போய்விடுமே.

வெள்ளியன்று வீடு நிறைய ஆட்கள். மாமி எனக்கும் மாமாவுக்கும் பால் கொண்டுவந்தார். மாமா குடித்து முடித்தார். வுளு இல்லாமல் இத்தனை பேரை எப்படித் தொழுவிப்பது? கோப்பையைக் கீழே வைத்தேன்.

"மாமி, எனக்குப் பால் ஒத்துக்காது. நான் திரும்பத் திரும்ப வுளு எடுத்தது பேணுதலால இல்ல. வயித்துல காத்து."

மாமியின் முகம் வாடியதைப் பார்க்க எனக்கு அழுகையே வந்தது.

மாமா தொண்டையைச் செருமினார்.

"எனக்கும் ஒத்துக்காது, முனவ்வறா. முதல்ல உன்ட உம்மா தந்தா, பொறகு நீ தந்தாய். முப்பத்திரெண்டு வருஷமாச் சொல்ல வெக்கம்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க முன்னுக்கு நில்லுங்க மகன். நான் வுளு எடுத்துட்டு வாறன்."