உதை குறைந்த துப்பாக்கி

லியோனெலின் வண்டி நிற்பதற்குள் ஜெர்மெய்ன் குதித்துவிட்டாள். முழங்கால் சரளையில் உரசியது. எழுந்து ஓடினாள். மரம் வெட்டுகிறவர்கள் போட்ட மண்சாலையின் ஓரத்தில் அவள் கணவன் ஒனேசிமின் பச்சை பிக்கப் நின்றிருந்தது. கண்ணாடி முழுக்க உறைபனி. கதவைப் பிடித்து இழுத்தாள். நேற்றுக் காலை அவள் சுட்டு, வெண்ணெய் தடவிச் சுருட்டிக் கொடுத்த ப்ளோய் தோசைகள் இருக்கையில் கல்லாகிக் கிடந்தன. துப்பாக்கி இல்லை.

பின்னாலேயே வந்த லியோனெல் எஞ்சின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். அவளுக்கு அண்ணன், ஒனேசிமுக்கு வேட்டைக் கூட்டாளி.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து இங்கயேதான் நிக்குது."

"கேம்புக்கு வரலைன்னா எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு உங்கள்ல ஒருத்தனுக்கும் தோணலியா?"

"வீட்டுக்குப் போயிட்டான்னு நெனச்சோம். பொண்டாட்டி நெனப்பு வந்திருச்சுடா அவனுக்குன்னு சிரிச்சுட்டு சீட்டாட உக்காந்துட்டோம்."

சனிக்கிழமை வேட்டை முடிந்தால் ஆண்கள் கேம்ப் என்று சொல்லும் காட்டுக் குடிசையில் சீட்டாடிவிட்டு அங்கேயே படுத்து, காலையில் அங்கிருந்து நேராக மாதா கோயிலுக்கு வருவார்கள். அவளும் அப்படித்தான் நினைத்து நிம்மதியாகத் தூங்கினாள். பூசைக்கு லியோனெல் தனியாக வந்து உட்கார்ந்ததைப் பார்த்து, "அவன் எங்க?" என்று அவள் கிசுகிசுக்க, "உன்கூட வரலியா?" என்று அவன் திருப்பிக் கேட்ட அந்த நொடியில் இரண்டு பேருக்கும் முகம் வெளுத்தது. லியோனெலின் மனைவி வனத்துறைக்குப் போன் செய்ய ஓடினாள். அவர்கள் வந்து சேரும்வரை காத்திருக்க ஜெர்மெய்னால் முடியவில்லை.

லியோனெல் தன் வண்டிக்குப் போய் இருக்கைக்குப் பின்னாலிருந்து தன் துப்பாக்கியை எடுத்தான். நாற்பத்தைந்து-எழுபது என்கிற பெரிய ரகம். கட்டைவிரல் பருமனுள்ள தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பக்கவாட்டு வாயில் திணித்தான்.

"ஞாயித்துக்கிழமை வேட்டைக்குத் தடை, துப்பாக்கியோட காட்டுல நின்னா லைசென்ஸ் போயிரும்," என்று முணுமுணுத்தான்.

"அப்ப வெச்சுட்டு வா. நான் வெறுங்கையோட போறேன்."

அவன் வைத்துவிட்டு வரவில்லை.

சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில், விழுந்து கிடந்த ஒரு பிர்ச் மரத்தடியில் காலித் தோட்டா ஒன்று கிடைத்தது. லியோனெல் அதைப் பொறுக்கி விரல்களுக்கு நடுவே உருட்டினான். முப்பது-முப்பது, ஒனேசிமின் துப்பாக்கியில் போடுகிற சின்ன ரகம். அவன் கையில் அது பொம்மைச் சாமான் மாதிரி இருந்தது. தங்கையின் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அந்தத் துப்பாக்கியை வாங்கிய நாள் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்திருந்தது.

செப்டம்பரில், வில்ஃப்ரெட்டின் துப்பாக்கிக் கடை. ஒனேசிம் ஆறடி உயரம், மர லாரி ஓட்டி இறுகிய தோள். பழைய துப்பாக்கியில் தோட்டா ஏற்றும் லீவர் தேய்ந்துவிட்டது என்று விற்றுவிட்டான். புதிதாக வாங்கப் போகிறான் என்றதும் ஊரில் பாதிப் பேர் யோசனை சொல்ல வந்துவிட்டார்கள். மான் மட்டும் என்றால் எதுவும் போதும், கரடியும் வேண்டுமென்றால் பெரிய தோட்டா போடு என்பது லியோனெலின் கட்சி. முப்பத்தைந்து என்று ஒன்று நடுவில் இருக்கிறது, மானுக்கும் ஆகும் கரடிக்கும் ஆகும், ஆனால் தோட்டாவுக்கு அலைய வேண்டும் என்றார் வில்ஃப்ரெட். ஒனேசிம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"இதுல எது சுடறப்ப தோள்ல கம்மியா உதைக்கும்?"

கடையே அவனைத் திரும்பிப் பார்த்தது. பிறகு லியோனெல் ஆரம்பித்தான்.

"ஏன் மச்சான், தோள்ல பூ வெச்சிருக்கியா? முப்பது-முப்பதுல கரடியைச் சுட்டா அது நின்னு உனக்குக் குட்மார்னிங் சொல்லிட்டுப் போகும்."

"முன்னங்காலுக்குப் பின்னாடி, கிட்ட நின்னு வெச்சா எல்லாக் கரடியும் சாகும்," என்றார் வில்ஃப்ரெட். "சதைமேல எங்கயோ வெச்சா பீரங்கியும் பத்தாது. சின்னதுல சுடறவன் பொறுமைசாலியா இருக்கணும், அவ்வளவுதான்."

ஒனேசிமின் காது மடல் சிவந்துகொண்டிருந்தது. அவன் அப்படிக் கூனி நின்று அவள் பார்த்ததில்லை. பொறுக்கமாட்டாமல்தான் அவள் குறுக்கே புகுந்து முப்பது-முப்பதைக் காட்டினாள். "இதுவே போதும். எடை கம்மி, நானும் தூக்கிட்டு மானுக்குப் போவேன்," என்றாள். சிரிப்பு அவள் பக்கம் திரும்பியது. வீட்டில் யார் கையில் லீவர் என்று தெரிந்துவிட்டது என்றான் ஒருவன். ஒனேசிம் அவளை நன்றியோடு பார்த்த மாதிரி இருந்தது. தோள்வலி போலிருக்கிறது, வெளியே சொல்லக் கூச்சப்படுகிறான் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். இப்போது, உறைந்த இலைகள் நொறுங்க அண்ணனுக்குப் பின்னால் நடக்கும்போது, அந்த இரண்டு வார்த்தைகள் நெஞ்சில் சம்மட்டியாக இறங்கின. இதுவே போதும். அவள்தான் சொன்னாள். காயம்பட்ட கரடி அவனை எங்காவது கிழித்துப் போட்டிருந்தால், அது அவள் வாங்கிக் கொடுத்த சாவு.

"ரத்தம்," என்றான் லியோனெல்.

பெரணி இலையில் ஒரு கோடு, பக்கத்து மண்ணில் கரடியின் பாதத் தடம். குனிந்து பார்த்தான். "நுரை இருக்கு. நுரையீரல்ல பட்டிருக்கு. பெரிய தோட்டாவா இருந்தா நின்ன எடத்துலயே உக்காந்திருக்கும்." பிறகு அவள் நின்ற நிலையைப் பார்த்து, "நான் ஒண்ணும் சொல்லலை, வா," என்றான்.

சுட்டவன்தான் பின்தொடர வேண்டும். அடிபட்ட மிருகத்தைக் காட்டில் அலையவிட்டு வீட்டுக்குப் போகிறவனை இந்தப் பக்கத்தில் யாரும் மனிதனாகவே மதிப்பதில்லை. ஆனால் கரடிக்குப் பின்னால், பொழுது சாயும் நேரத்தில், தனியாகப் போவதில்லை. ஒனேசிமுக்கு அது தெரியும். கேம்புக்கு வந்து ஆள் கூப்பிட்டிருக்கலாம். சின்னத் துப்பாக்கியால் கரடியைக் காயப்படுத்திவிட்டேன், உதவிக்கு வாருங்கள் என்று அந்தச் சீட்டு மேஜைக்கு முன்னால் நின்று சொல்வதைவிடச் சதுப்புக்குள் போவது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தேவதாரு அடர்ந்த சதுப்பின் விளிம்பில் ரத்தம் நின்றுவிட்டது. கரடியின் கொழுப்பு ஓட்டையை அடைத்துவிடும், அப்புறம் சொட்டாது. ஓடை இரண்டாகப் பிரிந்தது. லியோனெல் தயங்கினான். பிறகு துப்பாக்கியை அவள் கையில் வைத்தான்.

"நான் அந்தப் பக்கம் போறேன். அப்பப்ப விசில் ஊதறேன். கட்டையைத் தோள்ல நல்லா அழுத்திக்கோ, இல்லேன்னா உன்னைத் தூக்கிப் போட்டுரும்."

"நீ வெறுங்கையோட போறியா?"

"என்னைப் பாத்தாலே கரடி ஓடிரும். போ."

அவள் போன பக்கம்தான் பூட்ஸ் தடம் இருந்தது. பாசியில் ஆழமாகப் பதிந்து உறைந்திருந்தது. கொஞ்ச தூரம் நேராகப் போன தடம் திடீரென்று தள்ளாடியது. வட்டமடித்தது. வந்த இடத்துக்கே திரும்பியது. ஒரு மரத்தின் தாழ்ந்த கிளையில் அவனுடைய ஆரஞ்சுத் தொப்பி மாட்டிக்கொண்டு தொங்கியது. கையெட்டும் உயரத்தில்தான். எடுக்காமல் போயிருக்கிறான். அதற்கப்புறம் பூட்ஸ் தடமே இல்லை. பாசியில் பத்து விரல்களும் முழங்கால்களும் பதிந்த குழிகள்தான். தவழ்ந்திருக்கிறான்.  கரடி அடித்துவிட்டது, கால் போய்விட்டது, என்று ஜெர்மெய்னின் மனசு அலறியது. அந்தக் குழிகளைத் தொடர்ந்து நடந்தாள்.

பத்துமணி வெயில் மரங்களுக்கு நடுவே ஒரு திறப்பில் பளீரென்று விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தின் ஓரத்தில் ஒரு கறுப்புக் குவியல். கரடி.

துப்பாக்கியை உயர்த்தினாள். அதன் சுத்தியலை விரலால் பின்னுக்கு இழுத்தாள். குறிமுள்ளுக்கு அந்தப் பக்கம் கரடி அசையவில்லை. நிழலில் கிடந்த அதன் முதுகு மயிர் முழுவதும் வெள்ளையாக உறைபனி பூத்திருந்தது. உயிருள்ள உடம்பில் பனி உறையாது. நேற்றே செத்துவிட்டது. முன்னங்காலுக்குப் பின்னால், வைக்க வேண்டிய இடத்தில், சின்னதாக ஒரே ஓட்டை.

அதற்கு எதிரே, பாய்ந்தால் தொட்டுவிடும் தூரத்தில், ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து ஒனேசிம் உட்கார்ந்திருந்தான். முழங்காலின் மேல் துப்பாக்கி. குழல் நேராகச் செத்த கரடியைப் பார்த்து நின்றது. உதடு நீலமாக இருந்தது. மூச்சு புகையாக வந்துகொண்டிருந்தது. உயிரோடு இருந்தான், கால்கள் முழுதாக இருந்தன.

அவள் காலடியில் ஒரு சுள்ளி ஒடிந்தது.

குழல் அவள் பக்கம் திரும்பியது. சுத்தியல் பின்னால் இழுபடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. வெயிலில், தூரத்திலிருந்தே தெரிவதற்காக வேட்டைக்காரர்கள் போடும் லியோனெலின் ஆரஞ்சு நிறச் சட்டையில், ஒளிய இடமில்லாமல் அவள் நின்றிருந்தாள். அவன் கண்கள் திறந்திருந்தன. அவள் முகத்துக்கு ஒரு முழம் இடதுபுறமாக அவை எதையோ பார்த்துக்கொண்டிருந்தன.

"ஒனேசிம், நான்தான்."

குழல் அவள் குரலைத் தேடி இன்னும் சரியாக அவள் நெஞ்சுக்கு வந்தது. பிறகு கீழே இறங்கியது.

"கிட்ட வராதே," என்றான் கரகரத்த குரலில். "கரடி இங்கதான் எங்கயோ இருக்கு. ராத்திரி மூச்சு விட்டுச்சு. இப்ப கேக்கலை, ஆனா இருக்கு."

"உன் எதிர்லதான் கிடக்கு. செத்து எவ்வளவோ நேரமாச்சு. உனக்குத் தெரியலியா?"

அவள் கையிலிருந்த துப்பாக்கியைப் பாசியில் போட்டுவிட்டு அவன் முன்னால் மண்டியிட்டாள். அவன் கையிலிருந்ததை மெல்ல உருவி, சுத்தியலை இறக்கினாள். அவன் முகத்துக்கு நேரே விரல்களை அசைத்தாள். இமைகூட ஆடவில்லை.

"ஆகஸ்ட்ல கண் டாக்டர்கிட்ட போனேன்," என்றான். "உன்கிட்ட டயர் வாங்கப் போறேன்னு சொன்னேனே, அன்னிக்கு. சர்க்கரை கண்ணுக்குள்ள ஏறிருச்சாம். நரம்பெல்லாம் நூலு மாதிரி ஆயிருச்சாம். பெரிய உலுக்கல் ஒண்ணு போதும், உள்ளேயே ரத்தம் கொட்டிரும்னார். துப்பாக்கியைத் தொடாதேன்னார். எதைச் சொல்லி நான் நவம்பர்ல வேட்டைக்குப் போகாம வீட்டுல உக்கார்றது? அதான் உதை கம்மியா ஒண்ணு கேட்டேன்."

"சுட்டதும் கண்ணு போயிருச்சா?"

"சுட்டப்ப ஒண்ணும் இல்லை. குறி நல்லா விழுந்துச்சு, எனக்கே தெரிஞ்சுது. சதுப்புல எறங்கி நடக்கறேன், செவப்பா புகை மாதிரி எறங்குச்சு. ஒரு கண்ணு, அப்புறம் இன்னொண்ணு. அதுக்கப்புறம் கறுப்பு."

அவனைக் கட்டிக்கொண்டாள். மரக்கட்டை போலச் சில்லிட்டிருந்தான். வைத்தியம் இருக்கும், தெற்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, இன்றைக்கே கிளம்பலாம் என்று அவன் காதருகே சொல்லிக்கொண்டே போனாள். தூரத்தில் விசில் சத்தம் கேட்டது. ஒனேசிம் விறைத்தான். அவள் மணிக்கட்டைப் பற்றினான்.

"லியோனெலா? அவன்கிட்ட சொல்லாதே. கால் சுளுக்கிடுச்சுன்னு சொல்லு. லாரியைப் புடுங்கிருவாங்க ஜெர்மெய்ன். லாரி போச்சுன்னா நான் யாரு?"

"கண்ணு தெரியாம லாரியை எப்படி ஓட்டுவே?"

"இத்தனை நாள் ஓட்டலியா?"

அவள் கை அவன் முதுகில் அப்படியே நின்றது.

"ஆகஸ்ட்லேயே தூரத்துல ஒண்ணும் தெரியாது," என்றான் அவன் மெதுவாக. "கிட்ட இருக்கறது மட்டும் கொஞ்சம் தெரியும். ரோடு எனக்கு மனப்பாடம். வளைவு, பாலம், எல்லாம். மனப்பாடமாதான் ஓட்டினேன். நீகூட ரெண்டு வாட்டி பக்கத்துல உக்காந்து வந்தே. பேசிட்டே வந்தே."

தினமும் காலையில் அதே சாலையில், எதிர்ப்பக்கமாக, ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மஞ்சள் பள்ளிப் பேருந்து வரும்.

கிளைகள் முறியும் சத்தம் நெருங்கியது. "ஒனேசிம்! மச்சான்!" என்று லியோனெல் அழுகுரலில் கத்திக்கொண்டு வந்தான். சதுப்பில் அந்தக் குரல் நாலாபக்கமும் மோதித் திரும்பியது. ஒனேசிம் மரத்தைப் பிடித்து எழுந்து நின்றான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, வலது கையை உயரத் தூக்கி, ஆளில்லாத தேவதாரு மரங்களைப் பார்த்து ஆட்டினான்.