பால் கிளாஸ் உதட்டுக்குக் கிட்டப் போகக்குள்ள

…அதை ஒரு நாடகம் எண்டு நான் சொல்ல மாட்டன், இண்டைக்கும் சொல்ல மாட்டன், ஒரு மாமி, மூணு மருமகள், வீட்டுக்குள்ளயே பட்டுச்சீலையோட படுத்து எழும்புறாளுகள், ஒருத்தி கிறுகித் திரும்பினா அதை ரீவியில மூணுதரம் காட்டுறானுகள், கதவு திறந்தா இடி முழங்குது, மழை மட்டும் பெய்யுதில்ல, அந்தக் குப்பை இண்டைக்கு மட்டக்களப்புக் கோட்டுக்குள்ள சாட்சி சொல்லிச்சு எண்டு நான் போய்ச் சொன்னா குருக்கள்மடத்தில ஆர் நம்புவா… என்ட தேத்தண்ணிக்கடை வாங்குல குந்துற ஆக்களுக்குப் பேப்பரை வாசிக்கிறதுதான் வேலை, ஞாயம் இந்த இலட்சுமிப்பிள்ளைதான் சொல்லணும், கொழும்பில இனப்பிரச்சினைக்குத் தீர்வுப் பொதி எண்டு ஒண்டைத் தூக்கிக்கொண்டு திரிஞ்ச நேரம், பொதி எண்டா அவிட்டுக் காட்டுங்கடா, மேல மேல சுத்திக் கட்டுறியளே, உள்ளுக்க என்ன செத்த எலியா எண்டு கேட்டவள் நான், மெட்ராஸ் நடிகை ஒருத்தி புருசனோட கோடேறின கதைக்கு அங்கத்தைய நீதிபதிக்கு முன்னமே தீர்ப்புச் சொன்னவள் நான், வோட்டுக் கேட்டு வந்த எம்பிக்கு, போனதரம் போட்ட வோட்டை எங்க வைச்சிருக்கிறீங்க, அதைத் திருப்பித் தாங்க, பிறகு கதைப்பம் எண்டு சொல்லித் தேத்தண்ணி குடுக்காம அனுப்பினவள் நான். அப்பிடிப்பட்ட வாய் இது. இப்ப இந்த பஸ்ஸுக்குள்ள, சபூராவுக்குப் பக்கத்தில இருந்துகொண்டு, ஒரு சொல்லு வருகுதில்ல.

அவள் யன்னல் பக்கம் இருக்கிறாள். காத்தான்குடிக்காரி, வீட்டில தறி போட்டு நெய்யிறவள், நகக்கண்ணில நீலச் சாயம் ஊறிக் கிடக்கு, புருசன் மஜீட் சவூதியில, ரெண்டு சின்னப் புள்ளையள். ஆறு மாசத்துக்கு முன்ன இவளை ஆரெண்டே எனக்குத் தெரியாது. என்ட மருமகன் அருமைநாயகத்துக்குத்தான் தெரியும், அவனுக்கும் ரீவி திருத்தப் போன வீடு எண்டுதான் தெரியும். எங்கட பக்கம் வீடு பொம்புளைப் புள்ளைக்கு, மாப்பிளைதான் வந்து சேருறது, வந்தாறுமூலையில இருந்து ஒரு பையும் ஈயம் உருக்கிற கம்பியுமா வந்து நிண்டவனைப் பார்த்து, ஏன்டி இராசாத்தி, இந்த ஊர் உலகத்தில உனக்கு இவன்தானா கிடைச்சான் எண்டு மகளைக் கேட்டனே… நாடகம் பாக்கிற சோம்பேறியளுக்கு ரீவி திருத்துறதும் ஒரு பிழைப்பா எண்டு அவனுக்குக் கேக்கத்தக்கதாச் சொன்னனே… அதால அவன் எங்க போறான், ஆர்ட வீட்டுக்குப் போறான் எண்டு எனக்குச் சொல்லுறதில்ல. அந்த இரவு ஆமி சென்றிக்குப் பக்கத்தில நிண்ட ட்ரான்ஸ்போமருக்கு ஆரோ குண்டு வைச்சானுகள், மட்டக்களப்பெல்லாம் இருட்டு, றோட்டில ஆமி, இவன் விடியுமட்டும் இவள்ற தறிக்கொட்டிலுக்குள்ள குந்தியிருந்திட்டு வெளிச்சம் வந்தாப்பிறகு வீட்டுக்கு வெளிக்கிட்டவன், வழியில பையைத் திறந்து பார்த்திருக்கிறானுகள், வயர், பெற்றறி, ஈயம், அப்பிடியே பிடிச்சுக்கொண்டு போயிட்டானுகள். வேற என்ன வேணும் அவனுகளுக்கு. நானே அந்தப் பையைத் தெரியாதவளா இருந்திருந்தா நானும் சந்தேகப்பட்டிருப்பன்.

இண்டைக்கு முதல்ல என்னைத்தான் சாட்சிக் கூட்டில ஏத்தினாங்க. அண்டிரவு உங்கட மருமகன் எங்கயம்மா நிண்டவர். தெரியாது ஐயா. ஆர்ட வீட்டுக்குப் போனவர். தெரியாது ஐயா. பிறகு கேள்விப்பட்டதைச் சொல்லப்போனா அது சாட்சி இல்லயாம். நல்ல பொடியன் ஐயா, மாமாங்கேஸ்வரர் அறிய நல்ல பொடியன் எண்டன், நீதிபதி ஐயா தலையை ஆட்டினார், எழுதுறவர் அதை எழுதவேயில்ல. உலகத்துக்கெல்லாம் ஞாயம் சொன்ன வாய்க்கு, சொந்த மருமகன் அண்டிரவு எங்க போனான் எண்டு தெரியல்ல. கூட்டை விட்டு இறங்கக்குள்ள இராசாத்தி என்னைப் பார்த்த பார்வை இருக்கே… கோடு முடிஞ்சாப்பிறகு அவள் அப்பிடியே வந்தாறுமூலைக்குப் போயிட்டாள், மாமியாருக்குப் போய்ச் சொல்லணுமாம், என்னோட பஸ்ஸில வரல்ல.

கல்லடிப் பாலத்தடியில பஸ் நிண்டிட்டு, எல்லாரும் இறங்கணும், அடையாள அட்டையைக் கையில பிடிச்சுக்கொண்டு இரும்புப் பாலத்தை நடந்து கடக்கணும், வெறும் பஸ் பின்னால வரும். சபூரா குடையை விரிச்சுக்கொண்டு எனக்கு முன்னால போறாள், குட்டை ஆள், செருப்பு ஒரு பக்கம் தேஞ்சு கிடக்கு. கீழ வாவியில ஒரு தோணிக்காரன் வலையை இழுத்துக்கொண்டிருக்கிறான், அவனுக்கு இண்டைக்குக் கோட்டுல நடந்த ஒண்டும் தெரியாது, கூப்பிட்டுச் சொல்லணும்போலக் கிடக்கு, டேய், மேல குடை பிடிச்சுக்கொண்டு போறாளே இந்தக் குட்டைப் பொம்புளை, இவள் ஆரெண்டு தெரியுமாடா உனக்கு… அட்டையைப் பார்த்த ஆமிக்காரன் அவளுக்கும் எனக்கும் ஒரே மாதிரித்தான் தலையை அசைச்சான். அவனுக்கும் தெரியாது.

எவ்வளவு சின்னக் குரல் அவளுக்கு. கூட்டில ஏறி முக்காட்டை இழுத்துவிட்டவுடன நான் நினைச்சன், முடிஞ்சுது, இது கதைக்காது எண்டு. கொழும்பால வந்து அரசாங்கத்துக்காக வழக்குப் பேசுற அப்புக்காத்து சிங்களத்தில கேக்கிறார், மொழிபெயர்க்கிறவர் தமிழில சொல்லுறார், அது அண்டைக்கு என்ன கிழமை. வெள்ளிராவு ஐயா எண்டாள்.  குண்டு வெடிச்சது வியாழக்கிழமை பொழுதுபட்ட பிறகு, முஸ்லிம் ஆக்களுக்குச் சூரியன் விழுந்தா அடுத்த நாள் பிறந்திட்டுது, வியாழன் இரவைத்தான் வெள்ளிராவு எண்டுவாங்க, காத்தான்குடியோட கொடுத்து வாங்கிப் பழகின எங்களுக்கு அது தெரியும், கொழும்பாருக்கு எப்பிடித் தெரியும். அவருக்கு முகம் மலர்ந்திட்டு. சாட்சி வெள்ளிக்கிழமை இரவைச் சொல்லுறா, சம்பவம் வியாழக்கிழமை, வேற கேள்வி இல்லை எண்டு இருக்கப் போனார். எழும்பிச் சொல்லு, எழும்பிச் சொல்லு எண்டு மனசு அடிக்குது, ஆறு மாசமா மறியலில கிடக்கிறவன்ட வழக்கு இந்த ஒரு கிழமைச் சொல்லில விழுந்து போகப்போகுது, என்ட புள்ளை இனி எத்தனை வருசம் தாலியைப் பிடிச்சுக்கொண்டு இந்த வாங்கில இருக்கப்போறாள் எண்டு…

கிழமை கிடக்கட்டும் ஐயா எண்டாள் சபூரா. அதே சின்னக் குரல். நடுமருமகள் பால் கிளாஸைக் கையில எடுத்திட்டாள் ஐயா, அதுக்குள்ள நஞ்சு கிடக்குது எண்டு எங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது, படம் ஆடுது எண்டு இந்தத் தம்பி ரீவிக்குப் பின்னால நிண்டு அன்ரனா வயரைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார், நான் அசையாதீங்க தம்பி, அப்பிடியே நில்லுங்க எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறன், கிளாஸ் உதட்டுக்குக் கிட்டப் போகக்குள்ள சத்தம் கேட்டிச்சு, கறண்டு போச்சு. அவ்வளவுதான் ஐயா. மொழிபெயர்க்கிறவர் வாயைத் திறந்தார், திறந்தபடி நிண்டார். ரைப் அடிக்கிற பொம்புளை கையை எடுத்து வாயில வைச்சிட்டாள். கதவடியில நிண்ட பொலிஸ்காரன், சிங்களப் பொடியன், மொழிபெயர்க்க முன்னமே தலையை ஆட்டுறான்.  அந்த நிமிசத்தில கோட்டுக்குள்ள இருந்த அவ்வளவு பேரும் அவங்கவங்கட வீட்டு இருட்டுக்குள்ள போய் நிண்டாங்க, குண்டுச் சத்தத்துக்கு முதல், ஐயோ அந்தப் பால் எண்டு பதறின அதே இருட்டு. எந்த இனம், எந்தக் கட்சி, ஆர் ஆருக்குப் பயம், ஒண்டும் இல்ல, எல்லாருக்கும் ஒரு கிளாஸ் பால். எத்தனை பேச்சுவார்த்தை வைச்சானுகள், எத்தனை பொதி கட்டினானுகள், இந்த மட்டக்களப்பை ஒரு நாளாவது இப்பிடி ஒண்டா ஒரு பக்கம் பாக்க வைச்சானுகளா. நீதிபதி ஐயா கண்ணாடியைக் கழட்டினார். மெதுவாக் கேட்டார், கறண்டு போன அந்த நேரம் அவருடைய கையில் வயர் இருந்ததா. இருந்திச்சு ஐயா, இருட்டுக்குள்ளயும், விடட்டுமா தங்கச்சி எண்டு கேட்டவர்.

கொழும்பார் விட்டாரா. கணவன் வெளிநாட்டில, இரவு நேரம், வீட்டுக்குள்ள அந்நிய ஆம்புளை, ஏன் வந்தவர், எப்ப போனவர். மொழிபெயர்க்கிறவர் குனிஞ்சுகொண்டுதான் அதைச் சொன்னார். பின் வாங்கில ஆரோ செருமினான். நானெண்டா செத்திருப்பன், அந்த இடத்திலயே தெரியாது ஐயா எண்டு சொல்லி இறங்கிப் போயிருப்பன், எங்கட ஊரில ஒரு பொம்புளைக்கு இந்தக் கதை ஒண்டு காணும், அவள்ற ஊரிலயும் அப்பிடித்தான். ரீவி பழுதெண்டா ரீவி திருத்துறவர்தானே ஐயா வரணும் எண்டாள். எனக்கு அந்த நாடகம் பாக்க ஆசை. விடியுமட்டும் அவர் தறிக்கொட்டில்ல இருந்தவர், நானும் புள்ளையளும் உள்ளுக்க. ஆசை எண்ட சொல்லை அவ்வளவு பேருக்கு முன்னால வைச்சிட்டு அவள் தலையைக் குனியல்ல. அந்த ரீவி இப்ப எங்கே எண்டு கேட்டார் கொழும்பார், விடாக்கண்டன். இல்ல ஐயா, என்ட கூடப்பிறந்த காக்கா தூக்கி ஆருக்கோ குடுத்திட்டார். ஏன். இந்தத் தம்பி எங்கட வீட்டிலதான் நிண்டவர் எண்டு போய்ச் சொல்லப்போறன் எண்டு நான் சொன்னதுக்கு. கொழும்பார் போய்க் குந்திட்டார். தீர்ப்பு அடுத்த தவணைக்கு எண்டுதான் வைச்சிருக்கு, விடுவாங்களோ, விடமாட்டாங்களோ, கோட்டை நம்பி நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டன்…

நாவற்குடாவும் போச்சு, இனி அவள்ற இடம்தான். ஒரு சொல்லு சொல்லணுமே. புள்ள, நீ செஞ்ச உபகாரம் எண்டு தொடங்கினா நாடகக்காரி மாதிரிக் கிடக்கு. தொண்ணூறாம் ஆண்டுக் கொலையளுக்குப் பிறகு ரெண்டு பக்கமும் மையத்தும் பிரேதமும் தாட்டு முடிச்ச ஆக்கள் நாங்க, இவங்கட கடையில சீலை வாங்குவம், எங்கட மீனை இவங்க வாங்குவாங்க, அதுக்கு மேல ஒரு அடி வைக்கப் பயம். ஆறு மாசமும் நான் கடையில இருந்து என்ன சொன்னன், அவளுகள் வரமாட்டாளுகள், தங்கட வீட்டுல நிண்டவன் எண்டு தெரிஞ்சும் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறாளுகள், நன்றி கெட்டதுகள்… போன மாசம்தானே எங்கட அப்புக்காத்து ஆளனுப்பிக் கேட்டவர், அதுக்குப் பிறகுதான் மனமிரங்கி வந்திருக்கிறாள் எண்டு நினைச்சன். சந்தியில அவள்ற காக்கா ஹமீட் நிக்கிறார், அதுக்கு முதல் எங்கட அப்புக்காத்து நேர போனதுக்குப் படியில ஏத்தாம அனுப்பின மனிசன், சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு பஸ்ஸைப் பார்க்காம றோட்டைப் பார்த்துக்கொண்டு நிக்கிறார். கூட்டிக்கொண்டு போக வந்தவரோ, கேள்வி கேக்க வந்தவரோ, முகத்தில ஒண்டும் தெரியுதில்ல. சபூராவும் அவரைக் கண்டிட்டாள். குடையை மடிச்சுக் கையில இறுக்கிப் பிடிச்சாள்.

எழும்பினவள் என்ட பக்கம் திரும்பினாள். அக்கா எண்டாள். இவ்வளவு தூரத்துக்கும் அவள் கதைச்ச முதல் சொல்லு. நீங்க நாடகம் பாக்கிறியளா. சீ, நான் அந்தக் குப்பையைப் பாக்கிறல்ல புள்ள எண்டன், வாய்க்குப் பழக்கம் அது. ஓ எண்டாள், முகம் விழுந்திட்டு. இல்ல… அந்தப் பாலை அவள் குடிச்சாளா எண்டு கேக்கத்தான். குடிக்கல்ல எண்டன், எனக்கு முன்னமே என்ட வாய் சொல்லிட்டு, பூனை புள்ள, ஒரு பூனை மேசையில பாஞ்சு கிளாஸைத் தட்டி ஊத்திட்டு, ஊத்தின பாலை நக்கிப்போட்டு அந்தப் பூனை செத்துப் போச்சு, அதைக் கண்டுதான் அவளுக்கு விளங்கினது, மாமி உள்ளுக்க நிண்டு நடுங்குறாள், அதையும் மூணுதரம் காட்டினானுகள். பூனையா எண்டு சபூரா சிரிச்சாள். அல்லாஹ், பூனையா, நான் இவ்வளவு நாளும் அவள் குடிச்சிட்டாள் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தன். கொண்டக்டர் கத்துறான், அவள் இறங்கிட்டாள், சிரிப்பு முகத்தில கிடக்கக்குள்ளயே காக்காவுக்கு முன்னால போய் நிண்டாள், பஸ் எடுத்திட்டு, அவர் என்ன சொன்னார், அவள் என்ன சொன்னாள், நான் காணல்ல.

ஆரையம்பதி கழிஞ்ச பிறகுதான்… பொறு. அந்தப் பூனையைக் காட்டினது எப்ப. கறண்டு வந்த அண்டைக்கு, மூணாம் நாள் பொழுதுபட, ஊரெல்லாம் ஓ எண்டு கத்திச்சு, நான் பக்கத்து வீட்டு வேலிக்கால பார்த்தன், கறண்டில்லாம விடுபட்டதை அண்டைக்குத்தானே திருப்பிக் காட்டினானுகள். இவள் அதைக் காணல்ல. அந்தப் பொழுதுக்கு இவள்ற வீட்டில ரீவி இல்ல, காக்கா அதுக்கு முன்னமே தூக்கிக் குடுத்திட்டார். இவள் மனம் வைச்சது போன மாசம் இல்ல, அப்புக்காத்து கேட்ட பிறகும் இல்ல… கறண்டு வரமுன்னமே, அந்த இருட்டுக்குள்ள வைச்சே, நான் போய்ச் சொல்லப்போறன் எண்டு காக்காவுக்கு முன்னால சொல்லியிருக்கிறாள்.