மூத்தோர் உரிமம் வாங்காத கடிகாரக்காரர்

1

தூண்டில்காரர் சங்கத்தின் அறிவிப்புத் தாளுக்காக, மீன்பிடி உரிமங்களின் வகைகளை விளக்கி ஒரு கட்டுரை கேட்டார்கள். கட்டுரையாகத்தான் தொடங்கினேன்:

எங்கள் ஏரியில் உரிமம் மூன்று வகைப்படும். ஆசைக்கு வந்துபோகிறவர்களுக்கு ஒருநாள் உரிமம். வழக்கமாக வருகிறவர்களுக்கு, கட்டணம் கட்டி, ஆண்டு உரிமம். அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு மூத்தோர் உரிமம், இலவசம். எதுவானாலும் அதில் பிறந்த தேதி இருக்கும். அதிகாரி கேட்டால் கரையிலேயே காட்ட வேண்டும்.

'இலவசம்' என்று எழுதிய இடத்தில், அறுபத்தெட்டு வயதான கடிகாரக்காரர் ஒருவர் கட்டணம் கட்டிக்கொண்டு நின்றார். (ஏன் என்று கேட்காமல் இருந்திருந்தால் கட்டுரை அன்றே முடிந்திருக்கும்.)

2

விடியற்காலையில் ஏரியின் மேல் மூடுபனி மெல்ல... வேண்டாம். பனியைப் பற்றிச் சங்கத்தார் கேட்கவில்லை.

மனைவியை இழந்த கடிகாரக்காரர், எதிர்க்கடைத் தையல்காரம்மாவை மணக்க நினைத்தார். அந்த அம்மா பேச்சு எடுத்த அன்றே சொல்லிவிட்டார்: "வயசானவருக்கு வாக்கப்பட்டு, பாதி ஆயுசு மாத்திரை எடுத்துக் குடுத்தே போச்சு. அறுபத்தஞ்சு தாண்டியிருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"அறுபத்திரண்டுதாங்க," என்றார் கடிகாரக்காரர்.

மூத்தோர் உரிம அட்டை பச்சை நிறம். பத்தடி தள்ளியே தெரியும். அதனால்தான் கட்டணம். (கல்யாணத்தைப் பதிவு செய்யும்போது தெரிந்துவிடாதா என்கிறீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். அவர் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை.)

3

இருவரும் கரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவிடம் ஒருநாள் உரிமம்.

"மிதவை ஆடுது பாருங்க," என்றார் அம்மா.

"அது காத்துங்க."

"காத்து காத்துன்னு சொல்லியே ரெண்டு மீனை வழியனுப்பி வச்சுட்டீங்க."

மீன்துறை அதிகாரி வந்தார். இவரை முதலில் சிடுமூஞ்சியாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. நல்ல மனிதர். அதுதான் சிக்கல்.

கடிகாரக்காரரின் உரிமத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா, நீங்க ஏன் காசு கட்டினீங்க?" என்றார். "உங்களுக்குச் சும்மாவே கிடைச்சிருக்குமே."

தையல்காரம்மா தூண்டிலைக் கீழே வைத்தார். "அதென்ன சும்மா? இப்படிக் குடுங்க, பார்ப்போம்."

4

கடிகாரக்காரரைக் காப்பாற்ற வழி இருக்கிறது. உரிமத்தில் பிறந்த தேதி இருக்காது என்று முதல் பகுதியைத் திருத்தினால் போதும். ஆனால் அதை நம்பி யாராவது தேதி இல்லாத அட்டையோடு போய் அபராதம் கட்டினால், சங்கத்தில் என் சட்டையைத்தான் பிடிப்பார்கள்.

அந்த அம்மாவும் வயதை மறைத்தவர்தான் என்று முடித்துவிடு என்றாள் என் தங்கை. தையல்காரம்மாவுக்கு உண்மையிலேயே ஐம்பத்தொன்பதுதான். கேட்டவர்களுக்கெல்லாம் அப்படியேதான் சொல்லிவருகிறார்.

5

உரிமம் இப்போது தையல்காரம்மாவின் கையில். எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது. மூக்குக்கண்ணாடியைப் பைக்குள் துழாவுகிறார். தான் ஏதோ செய்துவிட்டோம் என்று புரிந்துகொண்ட அதிகாரி ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஏங்க," என்கிறார் கடிகாரக்காரர்.

"இருங்க, கண்ணாடி இங்கதான் எங்கயோ..."

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்ள இன்னும் ஒரு வாக்கியம் போதும். அதை நான் எழுதப்போவதில்லை, நீங்களும் அவசரப்படுத்தாதீர்கள். கடிகாரக்காரர் தாமாகவே வயதைச் சொல்வதென்றால் இப்போது சொல்லலாம்.